கொக்கும் ஒன்றல்ல, உள்ளானும் ஒன்றல்ல



கடந்த தைத் திங்களில் ஒரு நாள், காலைத் திருப்பலி முடிந்தபின் நாமக்கல்லை அடுத்த தூசூர் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் பழைய பைனாகுலர் ஒன்று. சட்டைப் பையில் ஒரு சிறு குறிப்பேடு. மாட்டை ஓட்டிக்கொண்டு கரைமேல் வந்த பெரியவர் ஒருவர் என்னைக் கண்டு நின்றார்.

“ஏனுங்க சாமி, அங்க அப்படி என்னத்தப் பாக்கறீங்க?”

“கொக்குகளைப் பார்க்கிறேன், ஐயா.”

“கொக்குல பாக்கறதுக்கு என்னங்க இருக்குது? எல்லாமே கொக்குதானுங்களே!”

அவர் சொன்னதில் தவறேதுமில்லை. நம் பேச்சு வழக்கில் வெள்ளையாய், நெடுங்காலுடன் நீரோரம் நிற்பதெல்லாம் கொக்குதான். ஆயினும் அவ்வேளையில் எங்கள் கண்ணெதிரே நின்றவை நான்கு வெவ்வேறு இனங்கள். அவற்றுள் ஒன்று அப்பெரியவரின் மாட்டுக்குப் பின்னாலேயே நடந்து வந்துகொண்டிருந்தது! பைனாகுலரை அவரிடம் கொடுத்தேன். அன்று நாங்கள் இருவரும் பார்த்தவற்றையும், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு பிழையையும் இத்திங்கள் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு ஏரி புதிதன்று. சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறும் சரபங்காவும் காவிரியைச் சேருமுன் எத்தனையோ ஏரிகளுக்கு நீரூட்டுகின்றன. புரட்டாசி, ஐப்பசி மழையில் ஏரி நிறைந்தால், தையிலும் மாசியிலும் நீர் மெல்ல வடியத் தொடங்கும். அவ்வாறு நாளுக்கு நாள் பின்வாங்கும் நீரோரமே கரையோரப் பறவைகளின் பந்திப் பாய். புழு, பூச்சி, நத்தை, சிறு மீன், தவளை எல்லாம் அங்கே சேற்றில் வெளிப்படுகின்றன. எந்தப் பறவை எங்கே நின்று உண்ணும் என்பதைப் பெரும்பாலும் அதன் காலின் நீளமே தீர்மானிக்கிறது. நெடுங்காலுடையது ஆழத்தில் நிற்கும். குறுங்காலுடையது ஈரச் சேற்றோடு நின்றுவிடும். ஆகவே பறவையைப் பார்க்குமுன் அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

இனி அந்த நான்கு கொக்குகளுக்கு வருவோம்.

மாட்டின் பின்னே நடந்தது உண்ணிக்கொக்கு. நான்கிலும் சிறியது, கழுத்துக் குட்டை, அலகு மஞ்சள். நீரைவிடப் புல்வெளியையே அதிகம் நாடும். மாடு நடக்கையில் கிளம்பும் வெட்டுக்கிளிகளையும் ஈக்களையும் பிடித்துண்ணும். இனப்பெருக்கக் காலத்தில் இதன் தலையும் கழுத்தும் முதுகும் பொன் கலந்த செம்மஞ்சள் நிறம் பெறும். அப்போது இதனை வேறெதனோடும் குழப்ப முடியாது. மற்ற மாதங்களில் தூய வெண்மையாய் இருப்பதால்தான் குழப்பம்.

சின்னக் கொக்கின் அலகு ஆண்டு முழுவதும் கறுப்பு; மெல்லியது, நேரானது. கால்களும் கறுப்பு, ஆனால் பாதம் மட்டும் மஞ்சள். கறுப்புக் காலுறைக்குக் கீழே மஞ்சள் செருப்பு அணிந்ததுபோலத் தோன்றும். ஆழமற்ற நீரில் அப்பாதத்தால் சேற்றைக் கிளறி, கலைந்தோடும் மீனைக் கொத்தும்.

பெரிய கொக்கு ஏறத்தாழ மூன்றடி உயரம் உடையது. கழுத்து மிக நீளம். நடுவில் முறிந்து மீண்டும் சேர்ந்ததுபோல ஒரு வளைவு. வயிறு நனையும் அளவு நீரில் அசையாமல் நிற்கும்.

நடுத்தரக் கொக்கு பெயருக்கேற்பச் சின்னதற்கும் பெரியதற்கும் இடைப்பட்டது. நம்மை மிகவும் சோதிப்பது இதுவே. தனியாக நிற்கும்போது இது பெரிதா, நடுத்தரமா என்று அளந்து சொல்ல அருகில் வேறு கொக்கு இருக்காது. “மஞ்சள் அலகு என்றால் பெரிய கொக்கு, கறுப்பு அலகு என்றால் சின்னக் கொக்கு” என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். அவ்வாறு நம்பினால் ஏமாறுவோம். ஏனெனில் பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் மஞ்சளாயிருந்த அலகு இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடுகிறது. நிறம் பருவத்தோடு மாறும். உடலின் அமைப்பு மாறாது. ஆகவே வாய்க்கோட்டைப் பாருங்கள். அலகு பிளக்கும் கோடு கண்ணுக்கு நேர் கீழே முடிந்துவிட்டால் அது நடுத்தரக் கொக்கு. கண்ணைத் தாண்டிப் பின்னாலும் நீண்டால் அது பெரிய கொக்கு. நடுத்தரத்தின் தலை உருண்டு, அலகு சற்றுக் குட்டையாய் இருக்கும். பாதமும் காலைப் போலவே கறுப்பு.

இங்கும் ஒரு கண்ணி உண்டு. சின்னக் கொக்கின் மஞ்சள் பாதம் சேற்றில் புதைந்தோ சேறு பூசியோ இருந்தால், அது கறுப்புப் பாதமாகவே தெரியும். கறுத்த அலகு, கறுத்த பாதம் என்று இரண்டையும் கூட்டி, “நடுத்தரக் கொக்கு” என்று நான் பலமுறை எழுதியிருக்கிறேன். அது எழுந்து பறந்த பிறகு, பின்னால் நீட்டிய மஞ்சள் பாதங்கள் என்னைப் பார்த்துச் சிரித்ததும் உண்டு.

ஐந்தாவதாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வரப்போரம் பழுப்பு நிறத்தில் மண்ணோடு மண்ணாய் ஒடுங்கி நிற்பது மடையான். குருட்டுக்கொக்கு என்றும் அழைப்பர். நிற்கையில் பழுப்பு, எழுந்தாலோ இறக்கை முழுதும் வெள்ளை. பறக்கும்போது மட்டும் பார்ப்பவர் வெண்கொக்கு என்பார்; நிற்கும்போது மட்டும் பார்ப்பவர் வேறொன்று என்பார். இருவரும் பாதிதான் பார்த்தவர்கள்.

கொக்குகளில் பழகிய கண்ணுக்கு அடுத்த தேர்வு உள்ளான்கள். இவை மைனாவைவிடச் சற்றுச் சிறியவை. மேலே பழுப்பு, கீழே வெள்ளை, நீண்ட மெல்லிய அலகு. நம் சமவெளியில் குளிர்காலத்தில் சாதாரணமாகக் காணக்கூடியவை மூன்று: சாதாரண உள்ளான், பொறி உள்ளான், பச்சை உள்ளான். மூன்றும் ஏறக்குறைய ஒரே தோற்றம் உடையவை. இவற்றை மூன்று வேளையில் பார்க்க வேண்டும்: நிற்கும்போது, எழும்போது, குரல் கொடுக்கும்போது.

முதலாவது, நிற்கும்போது. சாதாரண உள்ளானின் முதுகு புள்ளியின்றி ஒரே சீரான பழுப்பு. மார்பின் பக்கத்துப் பழுப்புக்கும் இறக்கைக்கும் இடையே வயிற்றின் வெண்மை ஓர் ஆப்புப்போல மேலேறி நிற்கும். உடலின் பின்பகுதியை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டேயிருக்கும். பொறி உள்ளானின் முதுகில் வெளிறிய புள்ளிகள் நிறைய உண்டு. பொறி என்பதே புள்ளிதான். கண்ணுக்கு மேலே வெண்புருவம் ஒன்று பின்னோக்கி நீண்டு ஓடும். கால்கள் மஞ்சள் சாயல். பச்சை உள்ளானுக்கு அப்பெயர் அவ்வளவாகப் பொருந்தவில்லை. முதுகு பச்சையன்று, கருமை கலந்த பழுப்பு. அதில் மிகச் சிறிய புள்ளிகள். வெண்கோடு கண்ணுக்கு முன்னால் மட்டும் உண்டு, பின்னால் இல்லை. கால்கள் மங்கிய பச்சை.

இரண்டாவது, எழும்போது. சாதாரண உள்ளான் நீரைத் தொடுவதுபோலத் தாழப் பறக்கும். இறக்கையை முழுதும் வீசாமல், கீழ்நோக்கி வளைத்துப் படபடவென்று அடித்து, இடையிடையே விறைத்து நிறுத்தி மிதக்கும். இறக்கையின் மேல் நீளவாட்டில் ஒரு வெண்கோடு தெரியும். மற்ற இரண்டுக்கும் அக்கோடு இல்லை; ஆனால் இரண்டுக்கும் வாலடி வெள்ளை. அவ்விரண்டையும் பிரிப்பது இறக்கையின் அடிப்புறம். பொறி உள்ளானுக்கு அது வெளிறியிருக்கும். பச்சை உள்ளானுக்குக் கரிய நிறம். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை வாய்க்காலிலிருந்து திடீரென மேலெழுந்தால் அது பச்சை உள்ளானே.

மூன்றாவது, குரல். சாதாரண உள்ளான் ‘ட்வீ-வீ-வீ’ என்று மெல்லிதாய் நீட்டும். பொறி உள்ளான் ‘சிப்-இப்-இப்’ என்று விரைந்து சொல்லும். பச்சை உள்ளான் ‘ட்லுயீட்-விட்-விட்’ என்று உரக்க, தெளிவாகக் கூவும்.

இடமும் உதவும். பொறி உள்ளான் நீர் நின்ற நெல்வயலிலும் சதுப்பிலும் சிறு கூட்டமாக மேயும். பச்சை உள்ளான் கூச்சமுடையது. வாய்க்கால், மதகடி, குட்டை போன்ற ஒதுங்கிய இடத்தில் பெரும்பாலும் தனித்திருக்கும். சாதாரண உள்ளான் கல்லும் மணலும் உள்ள ஓரங்களை விரும்பும். காவிரிக் கரையிலும் காணலாம்.

இம்மூன்றும் நம் ஊரில் பிறந்தவையல்ல. சாதாரண உள்ளான் காஷ்மீர், லடாக் உள்ளிட்ட இமயப் பகுதிகளிலும் அவற்றுக்கு வடக்கே பரந்த நிலங்களிலும் குஞ்சு பொரிக்கிறது. பொறி உள்ளான் வட ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை பரந்துள்ள சதுப்புகளில் பிறக்கிறது. பச்சை உள்ளானின் செய்கை வியப்புக்குரியது. கரையோரப் பறவையாயிருந்தும் அது வடநாட்டு ஈரக் காடுகளில் மரத்தின்மேல், வேறு பறவைகள் கைவிட்ட பழைய கூடுகளில் முட்டையிடுகிறது! நாரையும் தன் காலத்தை அறிந்திருக்கிறது என்று எரேமியா இறைவாக்கினர் சொன்னதை நாம் வாசித்திருக்கிறோம். இந்தச் சிறு உள்ளான்களும் அவ்வாறே காலமறிந்து வந்து, பங்குனி, சித்திரையில் காலமறிந்து திரும்புகின்றன.

“இவ்வளவு நுணுக்கம் எதற்கு, சாமி? உள்ளான் என்று சொன்னால் போதாதா?” என்று நீங்கள் கேட்கலாம். நானும் அவ்வாறு எண்ணியவனே. அதனால் நேர்ந்ததைச் சொல்கிறேன்.

தமிழகத்தில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. யாரும் தம் ஊரிலேயே கால்மணி நேரமாவது நின்று, கண்ட பறவைகளைப் பட்டியலிட்டு அனுப்பலாம். அதற்கும் முன்பே, 1987 முதல், ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரி மாதத்தில் நடந்து வருகிறது. எங்கள் பங்கின் எல்லையிலுள்ள ஒரு சிற்றேரியில் நானும் இவ்வாறு எண்ணத் தொடங்கினேன். முதலாண்டு, ஏரிக்குக் கீழேயுள்ள நெல்வயலில் முப்பதுக்கும் மேற்பட்ட பொறி உள்ளான்களைப் பொறுமையாகப் பார்த்து எழுதினேன். மதகு வாய்க்காலில் தனியே நின்ற இரண்டையும் பார்த்தேன். “இவையும் அவையே” என்று நெருங்கிப் பாராமல் சேர்த்தெழுதினேன்.

மறு ஆண்டு வயலில் பாதி மனைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மூன்றாம் ஆண்டு வயலே இல்லை. வெள்ளையடித்த எல்லைக் கற்களே வரிசையாய் நின்றன. வாய்க்காலில் மட்டும் இரண்டு பறவைகள். வழக்கம்போல “பொறி உள்ளான் 2” என்று எழுதினேன்.

அவ்வாண்டு எங்கள் இளைஞர் சிலர், ஏரியின் உபரிநீர் வாய்க்காலை மூடாதிருக்க வேண்டும் என்று மனுக் கொடுக்க முனைந்தனர். “சாமி, பறவைகள் குறைந்துவிட்டனவா?” என்று என்னிடம் கேட்டனர். நான் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எண்ணிக்கை குறைந்திருக்கிறது, ஆனால் எல்லா இனமும் இன்னும் வருகின்றன” என்றேன். அவர்களும் அவ்வாறே எழுதிக்கொண்டனர்.

நான்காம் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னோடு வந்தாள். வாய்க்காலிலிருந்து அப்பறவை எழுந்து கூவிப் பறந்தது. நான் எழுதத் தொடங்கினேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “சாமி, நீங்க சொல்லிக் கொடுத்தப்போ பொறி உள்ளானுக்கு இறக்கைக்கு அடியில வெளிறி இருக்கும்னு சொன்னீங்க. இது கறுப்பா இருந்துச்சுங்களே?”

அவள் சொன்னதே சரி. அது பச்சை உள்ளான். மூன்றாண்டுகளாக அங்கு நின்றதும் பெரும்பாலும் அதுவாகவே இருந்திருக்கும். அப்படியானால் வயல் போனபோதே பொறி உள்ளானும் போய்விட்டது. வாய்க்காலில் நின்ற வேறொரு பறவைக்கு அதன் பெயரைச் சூட்டி, போனது இன்னும் இருப்பதாக நான் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களுக்கும் அவ்வாறே சொல்லியிருக்கிறேன். ஓரினம் ஓரிடத்தை விட்டு அகன்றதை என் பட்டியலே மறைத்துவிட்டது.

அன்றிரவு பழைய குறிப்பேடுகளை எடுத்தேன். வாய்க்கால் பறவையின் இறக்கையடியைப் பற்றியோ குரலைப் பற்றியோ ஒரு சொல்லும் நான் எழுதி வைக்கவில்லை. ஆகவே அவற்றைப் “பச்சை உள்ளான்” என்று மாற்றவும் எனக்கு உரிமையில்லை. மூன்றாண்டுப் பதிவிலும் அவ்வரியை “உள்ளான் – இனம் உறுதியில்லை” என்று திருத்தினேன். மறுநாள் அந்த இளைஞரை அழைத்து என் தவற்றைச் சொன்னேன். அவர்கள் மனுவை மாற்றியெழுதினர். வயலை யாராலும் மீட்க இயலாது. ஆனால் வாய்க்காலில் ஒதுங்கி வாழும் பறவை எது என்பதாவது இப்போது சரியாக எழுதப்பட்டிருக்கிறது. அவ்வாய்க்கால் மூடப்பட்டால் போவது எது என்பதும் தெரியும்.

நம் ஏரிகளின் நிலை உங்களுக்குத் தெரியாததன்று. ஒருபுறம் சாக்கடை, மறுபுறம் ஆக்கிரமிப்பு. எனினும் நம்பிக்கைக்கும் இடமுண்டு. சேலம் கன்னங்குறிச்சியிலுள்ள மூக்கனேரியை 2010-ஆம் ஆண்டளவில் ஊர் மக்களே முன்வந்து தூர்வாரி, நடுவே மண்திட்டுகள் அமைத்து மரம் நட்டனர். இன்று அத்திட்டுகளில் நீர்ப்பறவைகள் அடைகின்றன. இப்பறவைகளைப் பிடிப்பதும் கொல்வதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். “கொக்குதானே” என்று கண்ணி வைப்பவருக்கு இதனை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

பிள்ளைகளோடு ஏரிக்கரைக்குச் செல்ல விரும்பும் பெற்றோருக்குச் சில குறிப்புகள்:

காலையிலோ மாலையிலோ, கதிரவன் உங்கள் முதுகுப்புறம் இருக்குமாறு நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரியும்.

பறவையை நோக்கி நடவாதீர்கள். விரட்டிப் பறக்க வைக்காதீர்கள். தூரப் பயணம் வந்தது அது. நீங்கள் அமைதியாய் நின்றால் அதுவே தன் வேளையில் எழும்.

ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாதீர்கள். நிற்குமிடம், கால், முதுகு, இறக்கையடி, குரல் ஆகியவற்றுள் மூன்றாவது ஒத்துவந்த பிறகே பெயர் சூட்டுங்கள்.

பெயரை எழுதுமுன் கண்டதை எழுதுங்கள். “கால் மஞ்சள், புருவம் நீளம்” என்று எழுதிவைத்தால், பெயர் பிழையானாலும் பின்னொருநாள் திருத்தலாம். பெயரை மட்டும் எழுதியவனுக்குத் திருத்த வழியில்லை. அதற்கு நானே சாட்சி.

தெரியாவிடில் தெரியாது என்று எழுத வெட்கப்படாதீர்கள். பிள்ளை திருத்தினால் ஏற்றுக்கொள்ளவும் வெட்கப்படாதீர்கள்.

தூசூர்ப் பெரியவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அன்று அவர் பைனாகுலரை நெடுநேரம் தரவேயில்லை. நான்கையும் ஒவ்வொன்றாய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். மாசி இறுதியில் மீண்டும் அவ்வழியே சென்றேன். நீர் வெகுவாய் வடிந்திருந்தது. கரையில் கொக்குகள் வெள்ளை வெளேரென நிறைந்திருந்தன. என்னைக் கண்டதும் அவர் மாட்டை நிறுத்திவிட்டு அருகில் வந்தார்.

“சாமி, நாலு நாளாப் பாக்கறேனுங்க. மத்ததெல்லாம் வருது. அந்த நெடுங்கழுத்துப் பெருசு மட்டும் வரக் காணோமுங்க. தண்ணி கொறஞ்சதாலீங்களா?”

“ஆமாம் ஐயா, அதனால்தான் இருக்கும்” என்றேன்.

கரை நிறையக் கொக்குகள் நிற்கையில், வராத ஒன்றை அவர் தேடிக்கொண்டிருந்தார்.